வராதவர் செத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "ராஜசேகரண்ணன் தவறிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மாடியில எல்லாரும் கூடுறோம், வந்துடுங்க. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தையும் எழுதிக் கொடுங்க" என்றார். நல்ல வார்த்தைக்கு அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

ராஜசேகரன் திருவையாற்றுக்கு அருகே எங்கள் ஊரின் நிலக்காரர் மகன். கல்லூரியில் எனக்கு மூத்தவர். அவர்கள் நிலத்தைத்தான் என் அப்பா குத்தகைக்கு உழுதார். சிங்கப்பூர் மாமா அவருக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன் என்று ஆளுக்கொரு வேடமேற்றுப் பல முகப் பகடையை உருட்டி வழி தேட வேண்டும். ஞாயிறுதோறும் நானும் கண்ணனும் இன்னும் சிலரும் அவர் வீட்டு மாடியில் கூடினோம். வேடத்துக்கு ஒரு மண் பொம்மை. கதை நடத்தியவர் அவர்தான். ஆனாலும் தனக்கென்று ஒரு மந்திரவாதியை வைத்திருந்தார். அது தோற்று நான் பார்த்ததில்லை.

பெட்டியோடு வந்த விதிகளை அவர் மதிக்கவில்லை. "அது வெள்ளைக்காரன் ஊருக்கு. நம்ம மாடிக்கு நம்ம ரூல்" என்பார். விளைந்த வயலில் குதிரையை விட்டால் வீரனின் மானம் குறையும். ஆடி வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கப் பகடையை இரண்டு முறை உருட்ட வேண்டும். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. மூன்று போகம் உழுதவனுக்கே நிலம் என்றும் ஒரு விதி போட்டார். மேடைக்கு மேடை அதையே பேசிய காலம். அவர் தோளிலும் கட்சித் துண்டு கிடந்தது. என் வீரன் வாளை வைத்துவிட்டு ஏர் பிடித்தான். கடலோரத்தில் ஒரு கிராமம் அவனுக்குச் சொந்தமானது. வாழ்நாளெல்லாம் உழுத என் அப்பாவுக்கு ஒரு வரப்புகூடச் சொந்தமில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத்துக்கு வராதவர் செத்தவர். அவர் பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, சொத்தை மற்றவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு, குத்தகை முடிந்தது என்று சொல்லி, அப்பா நட்ட குறுவையை அறுக்க நிலக்காரர் தம் ஆட்களை இறக்கினார். அப்பாவும் நானும் வரப்பில் நின்று கத்தினோம். போலீஸ் வந்தது, எங்களைத்தான் விலக்கியது. மறுநாள் ராஜசேகரனைப் பார்த்தேன்.

"உன் ஆளு செத்துட்டான்டா. கிராமம் கண்ணனுக்குப் போயிடுச்சு."

"எங்க வயல்ல அறுத்தது உங்க அப்பா அனுப்பின ஆளுங்கண்ணே. அதான் வரல. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அது வயல் விவகாரம், இது ஆட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. ரூல்னா ரூல்."

ஒரே ஞாயிற்றில் இரண்டு நிலமும் போயின. அதன்பின் நான் அந்த மாடி ஏறவில்லை. அவர் குத்தகை விவசாயிகள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதைச் சுவரொட்டியில் பார்த்தேன். அப்பா அப்போது பிறர் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிறு போனேன். மேசையில் அவருடைய மந்திரவாதி மாலையோடு நின்றது.

"அண்ணனோட ஆளு மட்டும் சாகக் கூடாதுங்க. அவருக்காக ரூலைத் தளர்த்திட்டோம்" என்றார் கண்ணன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அலமாரியில் என் வீரன் தூசி படிந்து, படுக்க வைத்தபடியே கிடந்தான். மந்திரவாதியை எடுத்து, மாலையைக் கழற்றி, அவன் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

"என்னங்க இது, இன்னிக்குப் போயி?"

"அவர் வரலையே" என்றேன்.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் விதியை நான் மீறவில்லை.