விசிலுக்கு ஓடியவன்

ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ, வருஷம் சரியாக ஞாபகமில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பி உருட்டுகிற மில்லில் வேலை பார்த்தேன். குடியிருந்ததும் பக்கத்திலேயே.

அப்போது சுற்றுவட்டாரம் பூரா திருட்டு பயம். வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்து, பொழுது சாய்ந்ததும் தெருவைக் காவல் காத்தோம். கையில் டார்ச், கழுத்தில் விசில். விசில் அடித்தால் யாராக இருந்தாலும் நின்று பேரைச் சொல்ல வேண்டும். ஊர் பேசி வைத்தது அது.

தெருக்கோடியில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர். மாந்தோப்பில் பன்றி வருகிறது என்று லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். காவலுக்கும் அதோடுதான் வருவார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவருடைய லைன் வீட்டில் எங்கள் மில்லுக்கு வேலைக்கு வந்த பீகார்க்காரர்கள் குடியிருந்தார்கள்.

அன்றைக்கு கரண்ட் இல்லை. அப்போதுதான் இருட்டியிருந்தது. நான் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. விசில் கேட்டது. உடனே வெடிச் சத்தம். ஓடினேன்.

பீகார்க்காரன் ஒருவன் குப்புறக் கிடந்தான். எங்கள் மில் ஆள்தான். காயமெல்லாம் பின் தொடையில். பக்கத்தில் தூக்குச்சட்டி கவிழ்ந்து சோறு சிந்தியிருந்தது.

"கத்தி எடுத்துக்கினு மேல பாஞ்சான்பா. இல்லாங்காட்டி நான் ஏன் சுடப்போறேன்?" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

"கத்தி எங்கண்ணா?"

"தூக்கிப் போட்டுட்டான். நீ போய் வண்டி எடுத்துக்கினு வா."

வண்டி கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வேலி ஓரமெல்லாம் டார்ச் அடித்துத் தேடினோம். கத்தி கிடைக்கவில்லை.

எனக்கு அப்போதே உறுத்தியது. மில்லில் சிவக்கக் காய்ந்த கம்பி சில நேரம் பாதை தப்பித் துள்ளும். மேஸ்திரி விசில் அடிப்பார். கேட்டதும் ஓடிவிட வேண்டும். திரும்பிப் பார்த்து நின்றால் உயிர் போகும். அவன் வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. எங்கள் தெருக் கட்டுப்பாட்டை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த விசில் மில் விசில்தான். ஓடியிருப்பான். பாய்ந்திருக்க மாட்டான்.

மறுநாள் காலையில் அவர் பனியனோடு டீக்கடைக்கு வந்தார். "ஊரையே காப்பாத்திட்டண்ணா, பேசாம எலெக்‌ஷன்ல நின்னுடு" என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினான். சிரித்துக்கொண்டே டீயை வாங்கினார். கையில் ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவர் இடது கையில் பெரிய கட்டு. கத்தி வெட்டு என்றார். மேஜையில் கத்தியும் இருந்தது. தோப்பு வேலியில் கிடைத்ததாம். புதுசாக மின்னியது.

அதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு அவனுக்கு விலங்கு மாட்டியிருந்தார்கள். கொள்ளையடிக்க வந்தான் என்று கேஸ். காவலுக்கு நின்றவர்கள் ஒவ்வொருத்தராக, "பாஞ்சான் சார், பார்த்தேன்" என்றார்கள். எனக்கு முன்னாடி அங்கே போய்ச் சேர்ந்தவன் ஒருத்தனும் இல்லை.

என் முறை வந்தது. குப்புறக் கிடந்ததைச் சொன்னேன். காயம் பின்னால் என்றேன். மில் விசிலைச் சொன்னேன். காலையில் இவர் கையில் காயம் இல்லை என்றும் சொன்னேன்.

"இன்னா நைனா, நீ யார் பக்கம்?" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

"அந்தக் கட்டைப் பிரிங்க சார், பார்க்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டாக்டர் பிரிக்கக் கூடாதுன்னாரு."

"எந்த டாக்டர்?"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் விலங்கைக் கழற்றிவிட்டார்கள். கேஸ் அவர் மேல் திரும்பி வருஷக்கணக்கில் இழுத்தது. அவன் காலை இழுத்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினான். சுட்டதற்கு முந்தின வாரம் தண்ணீர் மோட்டாருக்காக அவனுக்கும் பெரிய வீட்டுக்காரருக்கும் சண்டை என்று அப்புறம்தான் தெரிந்தது. பயத்தில் சுட்டாரா, அதை மனசில் வைத்துச் சுட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச்சை விட்டார்கள். அது போகட்டும். அந்தப் பக்கமே இல்லாதவர்கள் அவ்வளவு சுலபமாகப் பார்த்தேன் என்றார்களே, அவர் துப்பாக்கியை விட அதுதான் எனக்குப் பயம். இப்போதெல்லாம் யார் வந்து எதைச் சொன்னாலும், நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.