பத்தொன்பதிலிருந்து முப்பத்தாறு

அண்ணன் சவூதியில் இருந்தபோது பிறந்தவள் அவன் மகள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். இரண்டு வயதுவரை அவளுக்கு அத்தா என்றால் செல்போன்தான். கொரோனாக் காலத்தில் லீவு போட்டு ஊருக்கு, பந்தல்குடிக்கு வந்தான். மிரண்டு மிரண்டு பார்த்த பிள்ளை, அவன் கையால் ஒரு வாய் சோறு வாங்கத் தொடங்கிய வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அருப்புக்கோட்டையில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். பாசிட்டிவ். அதன் கீழே, சி.டி. பத்தொன்பது என்று ஓர் எண். பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

காய்ச்சல் விட்டது. வாசனை திரும்பியது, பசியும் வந்தது. ஆனால் பிளைட்டுக்காக எடுத்த டெஸ்ட்டில் மறுபடி பாசிட்டிவ். இந்தத் தடவை எண் முப்பத்தாறு.

“யா அல்லா, ஏறிப்போச்சே! பத்தொம்பது முப்பத்தாறா ஆயிருச்சே!” என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா சுகர்காரி. ரிப்போர்ட்டில் எண் கூடினால் நோய் கூடிவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டவுனு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மெஷின் கிருமியின் துணுக்கை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, தட்டுப்படும்வரை பெருக்கிக்கொண்டே போகுமாம். எத்தனையாவது சுற்றில் தட்டுப்பட்டது என்பதுதான் அந்த எண். நிறைய இருந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். முப்பத்தாறு சுற்று ஆனதென்றால் ஏதோ மிச்சம் மீதிதான்.

“உசுரோட இருக்கா, செத்துக் கெடக்கான்னு மெஷினுக்குத் தெரியாதும்மா. அவருக்குத்தான் காய்ச்சல் விட்டு இவ்வளவு நாளாச்சே. பிள்ளையத் தூக்கச் சொல்லுங்க” என்றார். டெஸ்ட் எடுக்கிற நேரம் தப்பினால், நோய் உள்ளவனுக்கே இல்லை என்றும் வருமாம்.

வீட்டில் கத்தினேன். “அறுத்த காட்டுல சோளத்தட்ட செதறிக் கெடந்தா, பயிரு நிக்கிதுன்னு சொல்லுவீகளா?”

மதினி அசையவில்லை. “டாக்டரு சொன்னா ஆச்சா? பேப்பர்ல பாசிட்டிவ்னுல்ல போட்டிருக்கு. எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து நிப்பீக?”

உள்ளேயிருந்து அண்ணனும், “விடு புள்ள, எதுக்கு வம்பு” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவிடன் காதில் ஊதின சங்குதான்.

சாத்தின கதவுக்குள்ளிருந்தே மகளுக்கு வீடியோ கால் போடுவான். அவள் கூடத்தில் உட்கார்ந்து செல்லுக்கு முத்தம் கொடுப்பாள். எனக்கு அழுகையாக வரும். எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஒருவழியாக ஒரு ராத்திரி, பிள்ளை தூங்கின பிறகு, நெகட்டிவ் வந்தது. மறுநாளே பிளைட். வாசலில் கார் நிற்க, அண்ணன் ஓடிவந்து மகளை அள்ளித் தூக்கினான். அவள் வீறிட்டாள். அவன் பிடியில் நெளிந்துகொண்டு, மதினி கையிலிருந்த செல்போனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“அத்தாட்டப் போறேன், அத்தாட்டப் போறேன்” என்று அழுதாள்.