நேசபாய் அக்கா ஒட்டிய தார்

நேசபாய் அக்காவின் எண்ணை என் போனில் 'பெட்டி அக்கா' என்று பதிந்து வைத்திருக்கிறேன். பதிந்தது எடுப்பதற்காக அல்ல, எடுக்காமல் இருப்பதற்காக. பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், ஆற்றைத் தாண்டும், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும் தாழ்வான சப்பாத்துப் பாலத்தின் ஓரத்தில் எங்கள் கம்பெனியின் கம்பம் ஒன்று நிற்கிறது. அதில் நீர்மட்டம் பார்க்க ஒரு கேமரா, எச்சரிக்க ஒரு சைரன், நடுவில் ஒரு ரூட்டர். வெயில், மழை, தூசி எல்லாம் தாங்கும் என்று சொல்லி விற்ற கனத்த அலுமினியப் பெட்டி அது. நேசபாய் அக்காவைத் தாங்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். வீடு கம்பத்துக்கு அடுத்தாற்போல இருப்பதால், 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டெக்னீசியனான நான்தான் சொல்லித் தொலைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெட்டிக்குள் பல்லி போகிறது, பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டது, பெட்டி முனகுகிறது என்று வாரம் தவறாமல் போன்.

காரணம் தெரியாமல் இல்லை. போன வருடம் ஐப்பசி மழையில் அணையைத் திறந்தபோது, கேமராவின் படம் எங்கோ நகரத்தில் இருக்கிற சர்வருக்குப் போய்த்தான் பதில் வர வேண்டியிருந்தது. டவரில் சிக்னல் இல்லை. சைரன் கூவும்போது பாலத்தில் தண்ணீர் ஏறிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. முந்திரி ஆலை வேலைக்குப் போன அக்காவின் மகள் பெமிலாவின் ஸ்கூட்டரை ஆறு கொண்டுபோனது. பெமிலா ஒரு மரக்கிளையைப் பிடித்து உயிர் பிழைத்தாள்.

அதற்காகத்தான் இந்த எட்ஜ் கம்ப்யூட்டிங் மாட்யூல். உள்ளங்கை அளவுதான். ரூட்டருக்குள் பொருத்திவிட்டால், நீர்மட்டத்தைக் கம்பத்திலேயே கணக்கிட்டு, யாரையும் கேட்காமல் சைரனை ஒலிக்கவிடும். நான் அதைப் பொருத்தப் போன நாளுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு அணையின் மதகு திறப்பு. பெமிலா பாலத்தைக் கடப்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும். மொத்தம் அரை மணி நேர வேலை.

கம்பத்தடியில் போய் நின்றதும் தலையில் கை வைத்தேன். பெட்டியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பாவாடை. மழையிலும் பால் வெட்டுவதற்காக ரப்பர் மரத்துக்குத் தாள் சுற்றித் தாரால் ஒட்டுவார்களே, அதேதான். சூடு வெளியேற வேண்டிய பக்கமெல்லாம் மூடிக் கிடந்தது. திருகுகளின் தலையெல்லாம் தார்.

"யாருக்கா இத ஒட்டினது?"

"நான்தான் சாரே. பின்ன, மழையில நனைய விடணுமா?"

"இது நனையதுக்குன்னே செஞ்ச பெட்டி. இப்பிடி மூடினா மூச்சு முட்டிச் சாவும்."

"மரம் ஒண்ணும் சாவல்லியே," என்றார்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏணியில் நின்று மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் துடைத்தேன். போகாததைச் சுரண்டினேன். அக்கா கீழே நின்று, "அங்க இன்னும் இருக்கு சாரே" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் போனது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மனதுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினேன்.

மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. மாட்யூலைச் செருகி நான்கு திருகுகளையும் முறுக்கினேன். மூடுவதற்கு முன்னால், பக்கவாட்டில் கேபிள் நுழையும் இடத்து நட்டைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். விரலோடு சுழன்றது.

அந்த நட்டு தளர்ந்திருந்தால் மழை நேராக உள்ளே இறங்கும். மூன்று மாதத்துக்கு முன்பு கேபிளை மாற்றி அதைப் பொருத்தியவன் நான். எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். பாவாடை இல்லாதிருந்தால் பெட்டி முதல் மழையிலேயே போயிருக்கும். பேசாமல் இறுக்கிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"அக்கா, இந்த நட்ட நான் முறுக்காம போயிருக்கேன்."

"தெரியும் சாரே," என்றார் அக்கா. "நீங்க போன அன்னைக்கே ஏணி வச்சு ஏறிப் பாத்தேன். ஆடிச்சு. உங்கள விளிச்சேன், எடுக்கல்ல. ஆபீசுக்கு விளிச்சேன். எல்லாம் சரின்னு சாரு எழுதியிருக்காருன்னு அங்க ஒரு பிள்ள சொல்லிச்சு. எனக்கு முறுக்கத் தெரியாது. ஒட்டத்தான் தெரியும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்பானரால் நட்டை இறுக்கினேன். இறுகிய பிறகும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மூடியை மூடி, மின்சாரத்தைக் கொடுத்து, சைரனை ஒருமுறை ஒலிக்கவிட்டுச் சோதித்துவிட்டு, மழைக்கு முன்னால் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு, இரணியலில் என் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெட்டி அக்கா. வாயில் நுரையோடு எடுத்தேன். அந்தப் பக்கம் சைரன் கேட்டது.

"கூவுது சாரே. தண்ணி இன்னும் பாலத்துல ஏறல்ல. பெமிலா எனக்க பக்கத்துல நிக்கா."

அதோடு அவர் நிற்கவில்லை. பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுடுகிறது, அது சரிதானா என்று தொடங்கினார். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.