சாக்கில் வந்த தோட்டத்து மண்

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த புதிதில் நான் வைத்த செடி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் கணவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. முத்தையாபுரம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் வாடகை வீடு. பின்னால் தாராளமாக இடம் இருந்தது, ஆனால் அத்தனையும் கடற்கரை மணல். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. குச்சியை ஒடித்து ஊன்றினாலே தழைக்கிற ஆற்றங்கரையில் வளர்ந்தவள். இங்கே பிச்சிப் பதியன் வைத்தேன், இலை பழுத்து உதிர்ந்தது. எலுமிச்சங்கன்று வைத்தேன், வைத்த உயரத்திலேயே நின்று காய்ந்துபோனது. சாணி எரு போட்டும், கிணற்று உப்புத் தண்ணீரைத் தொடாமல் தெருக் குழாயில் பிடித்த நல்ல தண்ணீரையே ஊற்றியும் பலனில்லை.

பக்கத்து வீடு பலசரக்குக் கடை அண்ணாச்சியுடையது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இந்த மண்ணுல முருங்கை வரும், பனை வரும். பிச்சிப்பூ வேணும்னா சந்தைக்குத்தான் போவணும் தாயி."

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் லீவுக்கு வந்தாள். என் வயதுதான் அவளுக்கும். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாள், அதிலும் தாவரவியல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வந்த அன்றைக்கே செத்துப்போன எலுமிச்சையைப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் வேரை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"மதினி, நல்ல மண்ணுல வேரோட சேந்து ஒரு பூசணம் குடியிருக்கும். நூலை விட மெல்லிசு. வேரு எட்டாத இடத்துக்கெல்லாம் அது போயி தண்ணியும் சத்தும் கொண்டாந்து கொடுக்கும். வேரு பதிலுக்கு அதுக்குச் சாப்பாடு போடும். இந்த வெறும் மணல்ல அது இல்லைன்னு நினைக்கேன்."

"பூசணமா? ஊறுகாயில பிடிக்குமே, அதுவா?"

"அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கோங்க."

காலேஜில் மைக்ராஸ்கோப் வைத்து அதை அவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பூசணத்தைக் காசு கொடுத்து எங்கும் வாங்க முடியாதாம். பழைய செடி செழிப்பாக நிற்கிற இடத்தில், வேரை ஒட்டிய மண்ணைக் கொஞ்சம் எடுத்து வந்து புதுக் குழியில் போட்டால் போதுமாம். எனக்கு அம்மா வீட்டுக் கொல்லைதான் ஞாபகம் வந்தது. மறுநாளே இருவரும் பஸ் ஏறினோம்.

அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏளா, பொறந்த வீட்டுக்கு நகை கேட்டு வருவா, நெல்லு கேட்டு வருவா. மண்ணு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான்." விஷயத்தைக் கேட்டதும் இன்னும் சிரித்தாள். "பூசணம் பிடிச்சா நாங்க தூக்கி எறிவோம். நீங்க பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போறீய."

சொன்னாளே தவிர, மண்வெட்டியை எங்கள் கையில் கொடுக்கவில்லை. பிச்சிக் கொடியின் அடியிலும் எலுமிச்சை மரத்தின் அடியிலும் அவளே பக்குவமாகக் கொத்தி, பொடி வேர்களோடு கருப்பு மண்ணை அள்ளிப் போட்டாள். காயக் கூடாது, வெயில் படக் கூடாது என்று நாத்தனார் சாக்கை நனைத்து, மேலே வாழை இலையைப் போட்டு வாயைக் கட்டினாள். அம்மா கொடுத்த பதியன் இரண்டும் எலுமிச்சங்கன்று இரண்டும் ஒரு கூடையில் வந்தன.

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் அடுப்பை வைத்துக் கரி போட்டு, அதில் வருகிற வாயுவில்தான் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளித் தூத்துக்குடி எல்லைக்கு வந்தபோது, சோதனை போட நின்ற சர்க்கார் சிப்பந்தி ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. நெல் விளைகிற ஆற்றுப் பக்கத்திலிருந்து சாக்கு வந்தால் அவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

"இது யாரு சாக்கு?"

"எங்க சாக்குதான்," என்றேன்.

"என்ன இருக்கு?"

"மண்ணு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் மூட்டை மூட்டையாக அரிசி கடத்துகிறவள் என்பது உறுதியாகிவிட்டது. கட்டை அவிழ்த்தார். இலையை எடுத்துப் போட்டுவிட்டு முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"மெதுவா கிண்டுங்க, வேரு அறுந்துரும்," என்றாள் நாத்தனார்.

அடியில் அரிசி இருக்கும் என்று நம்பி அவர் இன்னும் ஆழமாகப் போனார். கடைசியில் கை வெளியே வந்தபோது அதில் ஒரு மண்புழு நெளிந்தது. பஸ்ஸே சிரித்தது. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தூத்துக்குடியில மண்ணு இல்லைன்னா இதைத் தூக்கிட்டு வாரீய?"

"மண்ணு இருக்கு, உயிருதான் இல்லை," என்று நாத்தனார் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். டிரைவர் ஹாரன் அடித்திராவிட்டால் முழுவதையும் சொல்லி முடித்திருப்பாள்.

வீட்டில் நாலு குழி தோண்டினோம். மண்ணை மேலே தூவினால் பயனில்லை, வேரைத் தொடுகிற மாதிரி குழிக்குள் போட வேண்டும் என்றாள். ஆனால் ஒரு பிச்சிக்கும் ஒரு எலுமிச்சைக்கும் மட்டும்தான் ஊர் மண்ணாம். மற்ற இரண்டையும், ஒட்டியிருந்த மண்ணைச் சுத்தமாக அலசிவிட்டு, வெறும் மணலில் வைக்கச் சொன்னாள். அப்போதுதான் வித்தியாசம் தெரியுமாம். எனக்கு மனசே இல்லை, ஆனாலும் சரி என்றேன். என் கணவர் தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். லீவு முடிந்து அவள் போய்விட்டாள்.

அடுத்த லீவுக்கு வந்தவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் பின்பக்கம் ஓடினாள். நாலு செடியும் தளதளவென்று நின்றன. எலுமிச்சை இரண்டும் இடுப்பளவு. பிச்சி இரண்டும் பந்தலுக்குத் தாவிவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் முகமோ சுருங்கிப்போனது.

"அப்ப ஊரு மண்ணால ஒரு பிரயோஜனமும் இல்லையா, மதினி?"

என் கணவர் தலையைச் சொறிந்தார். "அது வந்து, சாக்குல மிச்சம் இருந்துச்சு. நீ போன மறுநாளு மத்த ரெண்டுக்கும் நான்தான் வேரு பக்கத்துல தோண்டிப் போட்டேன்."

"யாருகிட்ட கேட்டுப் போட்டிய?"

"அதுக ரெண்டும் என்ன பாவம் செஞ்சுது? பாக்கப் பரிதாபமா இருந்துச்சு."

அன்று ராத்திரி அவள் அண்ணனோடு பேசவில்லை. அவர் தன் பங்கு அப்பளத்தை அவள் இலையில் வைத்தார். அதைச் சாப்பிட்டாள், பேச்சு மட்டும் இல்லை.

அவள் கோபத்தைத் தீர்த்தது பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் செடியைப் பார்த்த ஆசையில் அவளும் சந்தையில் எலுமிச்சங்கன்றுகள் வாங்கி வைத்திருந்தாள். எருவுக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றும் துளிர்க்கவில்லை. எங்கள் குழியிலிருந்து ஒரு கூடை வேர்மண் கொடுக்க முடியுமா என்று சுவரோரம் வந்து கேட்டாள். நாத்தனாரின் முகம் மலர்ந்தது. தானே கொத்தி அள்ளிக்கொண்டு போனாள். போனவள், வரிசையில் ஓரத்தில் நின்ற ஒரே ஒரு கன்றுக்கு மட்டும் எதுவும் போடாமல் விட்டாள்.

"அக்கா, இதைத் தொடக் கூடாது. எங்க அண்ணனை இந்தப் பக்கமே விடாதீங்க."

அக்கா வாக்குத் தவறவில்லை. என் கணவர் சுவர்ப் பக்கம் நின்றாலே, "தம்பி, உள்ள போங்க," என்பாள். மழைக்காலம் கழிந்தபோது மண் போட்ட கன்றுகள் கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டிருந்தன. ஓரத்துக் கன்று வைத்த உயரத்திலேயே நின்றது. நாத்தனார் லீவுக்கு வந்து பார்த்தாள். உடனே வீட்டுக்குள் போய் அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்து சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் சுவருக்கு மேல் எட்டி, துளிர்விட்ட கன்றுகளையும் ஓரத்துக் கன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒத்துக்கிடுதேன்," என்றார். "இனியாவது அந்த ஓரத்துச் செடிக்குக் கொஞ்சம் போடட்டுமா?"

அவள் சிரித்துக்கொண்டே கூடையை அவரிடம் நீட்டினாள்.