மூன்று சிலிண்டரில் ஓடிய வண்டி

எங்கள் வண்டியின் எல்லா ரிப்பேரையும் உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் செய்தேன். உட்கார்ந்திருந்தது என் மகன். அப்போது அவனுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. பேச்சு கிடையாது. காலையில் எழுந்ததும் வண்டியில் ஏறிவிடுவான். முன் சீட்டில், இடது பக்கம். அவன் அம்மா கையைப் பிடித்துக் கூப்பிட்டால் கக்கூசுக்கு இறங்குவான். மறுபடி ஏறிக்கொள்வான். இருட்டின பிறகுதான் வீட்டுக்குள் வருவான். இருட்டில் எனக்கு வேலை ஓடாது. அதனால் பகலில், அவனையும் வைத்துக்கொண்டு.

வீடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில். வாசலில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம், சுற்றிக் காம்பவுண்டுச் சுவர். அங்கேதான் அந்த அம்பாசிடர் நின்றது. நான் டிரைவராக இருந்த வீட்டில் புது வண்டி வாங்கினபோது பழையதை எனக்குக் கொடுத்தார்கள். மகன் அப்போது சின்னப் பிள்ளை, அவனுக்கு வலிப்பு. வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டில் சாப்பிடாத பிள்ளை, வண்டியில் போகும்போது அவன் அம்மா ஊட்டினால் சாப்பிட்டான். சாப்பிடுகிறானே என்று எங்களுக்குச் சந்தோஷம். அதுவே பழக்கமாகிவிட்டது.

பிறகு ஆஸ்பத்திரியில் இனி வர வேண்டாம், செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வலிப்பு நின்றது. பழக்கம் நிற்கவில்லை.

வண்டி ஓடினால்தான் சாப்பிடுவான். ரோட்டில் போக வேண்டியதில்லை. இன்ஜின் ஓடினால் போதும். டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். அதிர்ந்தால் வாயைத் திறப்பான். நின்றால் மூடிக்கொள்வான். மூடின வாயை யாராலும் திறக்க முடியாது. ஒருமுறை ஸ்பூனால் நெம்பிப் பார்த்து அவனுக்குப் பல் உடைந்தது. அதன் பிறகு நாங்கள் நெம்பவில்லை.

மூன்று வேளையும் இதுதான். அவன் அம்மா ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து சாவியைத் திருப்புவாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டுவாள். நான் அப்போது ஸ்கூல் வேன் ஓட்டினேன். காலையும் மாலையும் வேலை, நடுப்பகலில் வீட்டில் இருப்பேன். அந்த நேரம் வண்டிக்கு.

வண்டி என்றால் ரிப்பேர் வரத்தானே செய்யும். நின்றே ஓடின வண்டிக்கு இன்னும் அதிகமாக வந்தது. ரேடியேட்டர் ஒழுகியது. பேட்டரி செத்தது. டயர் நாலும் வெடித்துப் போய், சுவர் கட்டுகிற சைஸ் கல் மேல் நிறுத்தினேன். அவன் காலடியில் தகரம் துருப்பிடித்து விரிந்தது. கீழே தரை தெரிந்தது. வெல்டிங் வைத்தால் அரை மணி வேலை. உள்ளே ஆள், பின்னால் பெட்ரோல் டேங்க், எப்படி வைப்பது? எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ரிவெட் அடித்தேன். சுத்தியல் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டான். காலை மட்டும் தூக்கிக்கொடுத்தான். தூக்கு என்று நான் சொல்லவில்லை. அவனே தூக்கினான்.

சில நாள் முன்னும் பின்னும் ஆடுவான். அதுதான் கஷ்டம். ஒருநாள் சைலென்சர் மாட்ட அடியில் படுத்திருந்தேன். ஆடினான். ஒரு கல் புரண்டது. தலை தப்பியது. இடது கைச் சுண்டுவிரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் பாதியை எடுத்துவிட்டார்கள். கட்டோடு வீட்டுக்கு வந்தேன். அவன் அம்மா என் கையைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அவன் மத்தியானம் சாப்ட்டான்" என்றாள்.

சரி என்றேன்.

இன்ஜின் மட்டும் நான் தொடாமல் வைத்திருந்தேன். அது பெரிய வேலை. தொண்ணூற்று எட்டில் வேறு வழி இல்லாமல் போனது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தது. வாசல் முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டுக் கன்னடத்தம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏன்ரீ, காயப்போட்ட சீரையெல்லாம் ஹொகெ நாத்தம். தினா மூணு தடவ இப்டி பண்ணா நாங்க எப்டி இருக்கறது?"

"புள்ளைக்கு சோறு ஊட்டணும்மா" என்றாள் என் மனைவி.

அந்த அம்மா வண்டிக்குள் பார்த்தார். தலையை இழுத்துக்கொண்டார். அதன் பிறகு சேலையை மொட்டை மாடியில் காயப்போட்டார். அவர் கெட்டவர் இல்லை.

சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். கூட்டி வந்தேன். வண்டியைச் சுற்றி வந்தார். கல்லைப் பார்த்தார், உள்ளே பார்த்தார்.

"அரே அண்ணே, இது காரா ஊஞ்சலா? ஆள எறக்குங்க."

"எறங்க மாட்டான் பாய்."

"உள்ள ஆள் குந்திகினு இருப்பான், நான் கீழ படுக்கணுமா? எனக்கு நாலு பொண்ணு அண்ணே. எவன் கட்டிக் குடுப்பான்?"

"கீழ நான் படுக்கறேன். நீங்க மேல பாருங்க."

பாய் என் விரலைப் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டினார்.

மூன்று இரும்புப் பைப்பைச் சேர்த்துக் கட்டி நிறுத்தி, செயின் பிளாக் மாட்டி இன்ஜினைத் தூக்கினோம். பாரம் போகப்போக வண்டியின் முன்பக்கம் மெல்ல எழும்பியது. கண்ணாடிக்குள் அவன் எழும்புவது தெரிந்தது. சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது குறைவு. பாயும் சிரித்துவிட்டார். "பாத்தியா அண்ணே, ஏரோபிளேன்."

இன்ஜின் லேத் பட்டறைக்குப் போனது. சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை அவனுக்குச் சோறு எப்படி என்று நாங்கள் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தோம். என் மகள் அப்போது கார்மென்ட்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டேப் ரெக்கார்டரில் இன்ஜின் சத்தத்தைப் பிடித்து வைத்திருந்தாள். சீட்டுக்கு அடியில் வைத்துப் போட்டோம். சத்தம் அசல் மாதிரியே இருந்தது. அவன் காது கொடுத்துக் கேட்டான். டேஷ்போர்டில் கையை வைத்தான். கையை எடுத்தான். வாயைத் திறக்கவில்லை. டேப்பை எடுத்து வெளியே வீசினான்.

"அண்ணன ஏமாத்த முடியாதுப்பா" என்று மகள் துண்டுகளைப் பொறுக்கினாள்.

பிறகு பம்பரைப் பிடித்துக் கையால் ஆட்டினோம். நானும் மகளும். இன்ஜின் இல்லாத முன்பக்கம் லேசாக இருந்தது, நன்றாக ஆடியது. ஆனால் ஆட்டம் வேறு, அதிர்வு வேறு. பாதி வாய் திறந்தான். அதில் எவ்வளவு போகுமோ அவ்வளவு போனது. லேத்தில் இருந்து இன்ஜின் வரும்போது அவன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

பாய் நல்ல வேலைக்காரர். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். வாஷர், பெல்ட், இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் எல்லாம். பழைய ரப்பர் பிய்ந்து போயிருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "இத வெச்சிகினா ஓட்டுனீங்க" என்றார். பானெட்டைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை. தையல் மிஷின் மாதிரி ஓடியது. பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். ஓடுகிற இன்ஜின் மேல் செங்குத்தாக நிறுத்தினார். நாணயம் விழவில்லை.

"பாரு அண்ணே. பெங்களூர்ல எவன் வெப்பான் இத?"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "ஊட்டும்மா" என்று குரல் கொடுத்தேன். பானெட் மறைத்ததால் உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. அவள் குரல்தான் எனக்குக் கண்.

"கைய வெச்சுப் பாக்கறான்."

"ம்."

"எடுத்துட்டான்."

"வாய்?"

"தொறக்கல."

பாய் நாணயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சும்மா ஓடுகிற வேகத்தை, ஸ்லோவை, குறைத்தார். இன்ஜின் அணைகிற அளவுக்குக் குறைத்தார். "தொறக்கல" என்றாள். மறுநாள் வந்து புது ரப்பரைக் கழற்றிப் பழைய பிய்ந்த ரப்பரையே மாட்டினார். கொஞ்சம் நடுங்கியது. "ஒரு வாய் வாங்கிகினான். இப்ப மூடிட்டான்." என்றாள் அவள். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நான் ஒரு பிளக் வயரைப் பிடுங்கினேன். நாலு சிலிண்டரில் ஒன்று. இன்ஜின் நொண்டியது. வண்டி முழுக்க உதறியது. கண்ணாடி கடகடவென்று அடித்தது. பாய் இன்ஜின் மேல் மறுபடி வைத்திருந்த நாணயம் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை.

"தொறந்துட்டான்" என்றாள். "ஏங்க, தொறந்துட்டான். அப்டியே வெச்சிருங்க."

பாய் ஸ்பானரைத் துணியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அண்ணே, மூணு சிலிண்டர்ல ஓட்டுனா எரியாத பெட்ரோல் ஆயில்ல எறங்கும். நான் போட்ட ரிங்கு ஒரு வருசம் தாங்காது. புகை முன்னவிட மோசமா வரும்."

"தெரியும் பாய்."

"என் கையால பண்ண வேல அண்ணே."

"தெரியும்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டருகில் நின்று உள்ளே பார்த்தார். என் மகன் மென்றுகொண்டிருந்தான். "சாப்டு ராஜா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் சொன்னதுதான் நடந்தது. ரிங் போனது. புகை கருப்பாக வந்தது. பெட்ரோல் நெடி கண்ணைக் கரித்தது. சைலென்சரோடு ஒரு நீளப் பைப்பைச் சேர்த்துச் சுவருக்கு மேல் ஏற்றி வெளியே விட்டேன். பாதிப் புகை அப்படிப் போனது. மீதி அவன் காலடித் தகர இடுக்கில் புகுந்து உள்ளே வந்தது. நான் அடித்த ரிவெட் அதிர்வில் ஒவ்வொன்றாகக் கழன்றது. திரும்ப அடிப்பேன். திரும்பக் கழலும். மற்றதெல்லாம் பழுது பார்த்தேன். இன்ஜினை மட்டும் பழுதாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவனுக்கு இருமல் பிடித்தது. அவளுக்கும் இருந்தது. அவளுடையதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கிளினிக்குக்கு அவன் வரமாட்டான். டாக்டரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து நெஞ்சில் குழாயை வைத்தார். சின்ன வயசுக்காரர். முகம் மாறியது.

"மொதல்ல இந்த வண்டிய நிறுத்துங்க."

"நிறுத்துனா சாப்பிட மாட்டான் டாக்டர்."

"ஓட்டுனா எத்தன நாளைக்குன்னு நெனக்கிறீங்க?"

குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"ஆஸ்பத்திரில சேருங்க. மூக்குல டியூப் போட்டு ஆகாரம் குடுக்கலாம்."

"எத்தன நாள் குடுப்பாங்க?"

"அது... பாக்கணும்."

"கைய கட்டித்தான் வெப்பாங்க, இல்ல? டியூப்ப புடுங்குவான்" என்று அவள் கேட்டாள். டாக்டர் ஆமாம் என்றார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. அவன் உள்ளே இருமினான்.

"என்னா பண்றது?" என்று கேட்டேன். நான் அவளை அப்படிக் கேட்டதில்லை.

முறத்தை நிறுத்தாமல் சொன்னாள். "எப்டி இருந்தாலும் போவான். பசியோட போகக் கூடாது. கட்டிப்போட்டும் போகக் கூடாது."

வண்டியை நிறுத்தவில்லை. ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். காற்று வரட்டும் என்று. பின் கதவையும் கழற்றினேன். பழைய டேபிள் ஃபேனை வைத்துப் புகையை அடித்துத் தள்ளினேன். அப்படி இரண்டு மழைக்காலம் ஓடியது. மூன்றாவது மழைக்காலத்தில் போனான்.

போவதற்கு முந்தின நாள் காய்ச்சல் அதிகம். நடக்க முடியவில்லை. இருந்தாலும் விடிந்ததும் வாசலையே பார்த்தான். இருவரும் சேர்ந்து தூக்கி முன் சீட்டில் வைத்தோம். தலை நிற்கவில்லை. தலையணையை அண்டக் கொடுத்தாள். மத்தியானம் கஞ்சி கொண்டு வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. நான் பானெட்டைத் தூக்கிவிட்டு நின்றேன். ஸ்டார்ட் செய்தாள். வழக்கம்போல் உதறியது.

"கைய வெக்கல" என்றாள்.

"நீ எடுத்து வெய்யி."

"வெச்சுட்டேன். வழுக்கி விழுது."

"வாய்?"

மழைத்தண்ணீர் சூட்டு இன்ஜினில் விழுந்து சீறியது.

"ஏங்க" என்றாள். "இன்னுங் கொஞ்சம் ஆட்டுங்களேன்."

ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தேன். உதறல் குறைந்து சத்தம்தான் கூடியது. விட்டேன்.

"பத்தலீங்க. இன்னும்."

இன்னும் என்றால் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது பிளக் வயரையும் பிடுங்கினேன். வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. இன்னொருமுறை தூக்கிப் போட்டது. நின்றுவிட்டது.

வயரைத் திரும்பச் செருகி, "ஸ்டார்ட் பண்ணு" என்றேன். அவள் சாவியைத் திருப்பினாள். மூன்று சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. பானெட்டை இறக்கிவிட்டு உள்ளே பார்த்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. அவள் ஒரு கையால் அவன் உள்ளங்கையை டேஷ்போர்டில் அழுத்திப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கஞ்சி ஸ்பூன், உதட்டருகில். வண்டி உதறின உதறலில் கஞ்சி அவன் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தது.

அணைக்கச் சொல்லவில்லை அவள். நானும் சொல்லவில்லை. பெட்ரோல் தீரும் வரை ஓடியது.