குற்றாலம் போய் டிப்பர் லிவர் பிடித்த கதை

சீசனுக்குக் குற்றாலம் போவதென்று மூன்று பேர் பேசி வைத்திருந்தோம். மற்ற இருவருக்கும் கல்லூரியில் கேம்பஸ் இண்டர்வியூ வந்துவிட்டது. நான் மெக்கானிக்கலை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். எனக்கு இண்டர்வியூவும் இல்லை, லீவு கேட்க ஆளும் இல்லை. ஜூலை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகக் கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரைக்கு பஸ். தென்காசிக்கு 55 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வாடகை கேட்டதும் அப்படியே திரும்பி நடந்தேன். தென்காசி ஓரத்தில், குத்துக்கல்வலசையில், பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு மாடி அறை 500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றார்கள். தெரிந்தது, எதிர்மனையின் செங்கல் குவியலுக்கு மேலே கொஞ்சம்.

அன்று காலையே ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆனால் தனியாகப் போகிறவனுக்கு அங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது, யாரும் அதை எழுதுவதில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"கூட யாரு வந்திருக்கா தம்பி?"

"யாருமில்லண்ணே."

"அப்ப பையை யாரு பாக்க? போனை வேற வச்சிருக்க."

பையைக் கண்ணில் படுகிற மாதிரி கம்பியில் மாட்டிவிட்டு, அதையே பார்த்தபடி குளித்தேன். தலையில் அருவி விழும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து நிமிடத்தில் போதும் என்றாகிவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு அறை வாசலில் நின்றிருந்தேன். சாரல் விட்டிருந்தது. எதிர்மனைக்கு ஒரு டிப்பர் லாரி எம்-சாண்ட் மணல் கொண்டு வந்து பின்னால் எடுத்து நின்றது. பாடி மேலே எழும்பத் தொடங்கியது. டிரைவர் இறங்கி, மண்வெட்டியோடு பின்பக்கம் போனார். பாடி இன்னும் எழும்பிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன், கேபினில் ஆள் இல்லை.

ஏன் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பை விட்டபிறகு எட்டு மாதம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தேன். டிப்பர் கேபினில் சீட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு லிவர் இருக்கும். பைலட் வால்வு என்பார்கள். அது எதையும் தூக்காது. விரல் தடிமன் குழாய் வழியாகக் காற்றை அனுப்பும், அவ்வளவுதான். அந்தக் காற்று கீழே இருக்கிற பெரிய ஆயில் வால்வைத் தள்ளும், ஆயில் ஜாக்கிக்குப் போகும், பத்துப் பன்னிரண்டு டன் மேலே எழும்பும். கையை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லிவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், பாடி அங்கேயே நிற்கும். கேபினில் ஆள் இல்லாமல் பாடி எழும்புகிறதென்றால், லிவரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நனைந்த மணல் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. இடதுபக்கப் பின் டயர் சேற்றில் மெதுவாக இறங்கியது. டிரைவர் அந்தப் பக்கம்தான் நின்று மண்வெட்டியால் குத்திக்கொண்டிருந்தார். பாடி இன்னும் எழும்பினால் வண்டி அவர் மேலேயே கவிழும். கத்தினேன், என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. படியிறங்கி ஓடி கேபினில் ஏறினேன். லிவரை ஒரு பழைய டியூப் துண்டால் சீட்டுக் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்தார். பிய்த்து எறிந்தேன். லிவர் நடுவுக்கு வந்தது, பாடி நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

கதவில் டிரைவர் முகம் வந்தது.

"ஏலே, யாருலே நீ? வண்டில எதுக்கு ஏறுத?"

"அண்ணே, இடதுபக்க டயரைப் பாருங்க."

போய்ப் பார்த்தார். திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தார். பேர் சாகுல், நாற்பத்தைந்து வயது இருக்கும். கிளீனர் பையன் போன மாதம் கத்தாருக்குப் போய்விட்டானாம், வேறு ஆள் கிடைக்கவில்லை.

"ஒரு கை லிவர்ல, ஒரு கை மம்பட்டில. லிவர் அந்தக் கோடியில, மணல் இந்தக் கோடியில. நான் என்ன ரப்பராலே?"

வண்டியைக் கெட்டித் தரைக்கு மாற்றினோம். நான் லிவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பின்னாலிருந்து "தூக்கு", "நிறுத்து", "இறக்கு" என்றார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் சாகுல் அண்ணனின் ஹாரன்.

"அருவி எங்கனயும் ஓடிப் போவாது. வாலே."

போனேன். நான்கு லோடு. மதியம் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டோம், அவர் போனைப் பார்த்தார், நான் மழையைப் பார்த்தேன். ஆனாலும் நாள் முழுக்க ஒருவர் கத்துவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு, லிவரில் கை வைத்துக் காத்திருந்தேன். என் குரலுக்காக யாரும் அப்படிக் காத்திருந்து ரொம்ப நாள் ஆகிறது என்று நடுவில் ஒருமுறை தோன்றியது.

சாயங்காலம் கேட்டார். "நாளைக்கும் இருப்பியா?"

இருந்திருக்கலாம். எனக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் ஒரு இடம் பழகத் தொடங்கினால் எனக்கு மூச்சு முட்டும், நாமக்கல்லையும் அப்படித்தான் விட்டேன். "போணும்ணே" என்றேன்.

"சரி, போ."

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வழியில் ஒரு பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பழைய டியூபு ஒரு முழம் வெட்டிக் குடுங்க."

"ஆளு வச்சிருக்கியே சாகுலு, டியூபு எதுக்கு?"

"ஆளு பஸ்ஸுக்குப் போவுது."

கடைக்காரர் சிரித்தார். சாகுல் அண்ணன் டியூபைச் சீட்டுக்குப் பின்னால் போட்டார். தரை கெட்டியா என்று பார்த்து நிறுத்துங்கள் என்றேன். தலையாட்டினார். அதற்குமேல் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

போகிறவர்களுக்குச் சில விஷயம். சீசனில் குற்றாலத்தில் தங்காதீர்கள், தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. ஐந்தருவிக்குக் காலை ஏழுக்குள் போய்விடுங்கள், நான் தாமதமாகப் போய்க் கூட்டத்தில் அவதிப்பட்டேன். தனியாகப் போனால் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். புது வீடுகள் எழும்பும் பக்கம் நடந்தால், பாடி தூக்கி நிற்கும் டிப்பருக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். லிவரைப் பிடித்திருப்பது ஆளா டியூபா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.