மூடிக்குப் பின்னால் ஒன்றுமில்லை

இராஜமாணிக்கம் அண்ணாவின் வேலையில் குறை கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். பொம்மனஹள்ளியில் அவர் கீழ்வீடு, நான் மேல்வீடு. பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் உழைத்தவர். கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது மெஷின்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு, ஆட்களை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு துணி துவைக்கும் இடத்துக்கு மேல் தகரம் போட்டு அதையே பட்டறையாக்கிக்கொண்டார். பழைய கார்களில் உடைந்துபோன மூடிகள், கடையில் கேட்டால் கையை விரிக்கும் சின்னச்சின்ன பாகங்கள், எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்தே செய்து கொடுப்பார்.

செய்முறை எனக்கு மனப்பாடம். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்ததே அதுதான். உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து, அதை வைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுப்பார். கேக் சுடும் பழைய அவனில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொய்கிற வரைக்கும் சூடாக்குவார். ஓட்டை போட்ட மரப்பெட்டியின் மேல் அச்சை வைத்து, சூடான ஷீட்டை அதன்மேல் போர்த்தி, பெட்டியில் மாட்டிய வேக்கும் கிளீனரை ஓடவிடுவார். அது காற்றை உறிஞ்ச உறிஞ்ச ஷீட் அச்சோடு ஒட்டிப் படிந்துவிடும். "வீடு சுத்தம் பண்ண வாங்குன மெஷினு, ஒருநாளாச்சும் வீட்ட சுத்தம் பண்ணியிருக்கா?" என்று அவர் மனைவி ரத்தினம்மாள் காதைப் பொத்திக்கொள்வார். கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து, மூன்றடி தள்ளி நின்று பெயின்ட்டைத் தூறலாக விடுவார். கம்பெனிப் பிளாஸ்டிக்கில் இருக்கும் அந்தப் பொடிச் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும். இப்போது கீழிருந்து சத்தம் வருவதில்லை. எனக்குத் தூக்கமும் வருவதில்லை.

போன மார்ச் மாதம் தருண் வந்தான். பழைய கார் வாங்கி விற்கிறவன். ஒரு சாம்பல் நிறக் காரில், முன்சீட்டுக்கு எதிரே ஏர்பேக் இருக்கும் அறைக்கு மூடி வேண்டும் என்றான். அந்தக் கார் எங்கோ மோதியிருக்கிறது. மோதலில் ஆளைக் காப்பாற்றும் காற்றுப்பை, மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து தன் வேலையை முடித்துவிட்டது. ஒருமுறை வெடித்த பையை மறுபடி மடித்து உள்ளே வைக்க முடியாது. புதிதாகத்தான் போடவேண்டும்.

"புது பை ஆர்டர் போட்டாச்சு அண்ணா. மூடி மட்டும் தனியா கிடைக்கல. ஸ்வல்ப அர்ஜென்ட், கொஞ்சம் சீக்கிரம் வேணும்" என்றான் தருண்.

அண்ணா ஒன்றே ஒன்று கேட்டார். அசல் மூடியின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாதபடி, மெல்லிய பள்ளமாக ஒரு கோடு இருக்கும். பை வெடிக்கும்போது மூடி அந்தக் கோட்டில்தான் பிளந்து வழிவிடும். "கோடு எவ்ளோ ஆழம் போடட்டும்?" என்றார்.

"கோடெல்லாம் எதுக்கண்ணா? கெட்டியா போடுங்க, போதும்."

அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கோடு வேண்டாம் என்றால் பையும் வரப்போவதில்லை. புரிந்தும் செய்தார். இதை நான் கேட்காமலே பலமுறை சொல்லியிருக்கிறார். ஏன் செய்தீர்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "வேல நல்லா வந்துட்டிருந்துச்சு அருணு. பாதியில விட மனசு வரல" என்றார். திட்ட வாயெடுத்தேன். நானும் ஒரு கம்பெனியில் எல்லாவற்றுக்கும் "சரி சார்" சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மூடி அச்சு அசலாக வந்தது. ஏர்பேக் என்ற ஆங்கில எழுத்து ஆறையும் புடைப்பாக எடுத்திருந்தார். "சக்கத்தா இருக்கு அண்ணா!" என்று தருண் கைகுலுக்கிவிட்டு எடுத்துப்போனான். பை இல்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கை வேறொருவன் வயரை மாற்றி அணைத்துவிட்டான்.

ஏப்ரலில் தருணின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. மாலை போட்ட அதே கார். பக்கத்தில் வயதான தம்பதி. ஜெயநகர் வெங்கடகிருஷ்ணன் சார் குடும்பத்துக்கு வாழ்த்துகள் என்று கீழே போட்டிருந்தான். அந்த அம்மாள் முன்சீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அண்ணாவுக்குச் சோறு இறங்கவில்லை. தருணுக்கு போன் போட்டார். "அவங்க என்ன ரேஸா ஓட்டப்போறாங்க? சும்மா இருங்கண்ணா" என்றவன், மறுநாளிலிருந்து போனையே எடுக்கவில்லை.

என் பைக்கில் இரண்டு ஞாயிறு ஜெயநகர் தெருக்களைச் சுற்றினோம். மூன்றாவது ஞாயிறு, ஒரு கேட்டுக்குள் அந்தக் கார் நின்றது.

வெங்கடகிருஷ்ணன் மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரியாதையான மனிதர். உட்காரவைத்து முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் டார்ச் அடித்தான், தட்டினான், இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தான்.

"ஒரிஜினல் சார். வெளிய செஞ்சா இந்த ஃபினிஷ் வராது" என்றான்.

இராஜமாணிக்கம் அண்ணாவுக்கு வாழ்நாளில் கிடைத்த மிகப்பெரிய பாராட்டு அது. அவர் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார். "அது என் கையால செஞ்சது சார். உள்ள ஒண்ணுமில்ல. உடைச்சுப் பாருங்க. நானே உடைக்கறேன்" என்று காரை நோக்கிப் போனார். மெக்கானிக் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"நன்னா இருக்கறத எதுக்குப்பா உடைக்கணும்?" என்றார் வெங்கடகிருஷ்ணன். கேட்டை அவரே சாத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லியாச்சுல்லண்ணா, விடுங்க" என்றேன்.

"சொன்னா ஆச்சா? நம்பணும்ல?" என்றார்.

எந்த மூடி செய்தாலும் அவர் இரண்டாகச் செய்வார், ஒன்று தேய்க்கும்போது விரிசல் விட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. மிச்சமானது பரண்மேல் கிடந்தது. மறுநாள் அதையும் அச்சையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். வெங்கடகிருஷ்ணன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காருக்குள் கொண்டுபோய் அதன் ஜோடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா போங்கோ" என்று கைகூப்பினார்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, பின்னாலிருந்து அண்ணா பசிக்கிறது என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. ஹோட்டலில் ஆறு இட்லி சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, சர்வர் சொன்னான்.

ஒரு மாதம் மனிதர் பழையபடி இருந்தார். கேக் அவன், அச்சு, வேக்கும் கிளீனர், ரத்தினம்மாள் அண்ணியின் புலம்பல், எல்லாம் திரும்பி வந்தன. அந்தக் காருக்குப் புதுப் பை போட்டால் தன் கெட்டி மூடி அதற்கு எமனாகிவிடும் என்று, அடியில் கோடு வைத்து ஒழுங்கான மூடி ஒன்று செய்தார். கார் கம்பெனியிலேயே மூடியும் சேர்த்து மாற்றிவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜெயநகருக்குக் கிளம்பினோம்.

கேட்டுக்குள் வெள்ளை நிறத்தில் புதுக் கார் நின்றது.

"வாங்கோ வாங்கோ" என்று பாகீரதி அம்மாள், அந்தப் படத்தில் சிரித்தவர், காபி கொண்டுவந்து வைத்தார். "நீங்க மட்டும் வந்து சொல்லலேன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்? அன்னிக்கே இவர் சொல்லிட்டார், அந்த வண்டி இனிமே இந்த வாசல்ல நிக்கப்படாதுன்னு."

அண்ணா டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டி எங்கம்மா?"

"வித்தாச்சு" என்றார் வெங்கடகிருஷ்ணன். "புரோக்கர் மூலமா. கோலார் பக்கம் யாரோ சின்ன வயசுத் தம்பதி."

"வாங்கினவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"சொன்னா யார் வாங்குவா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அந்தக் காபி டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போல் இருந்தது. அடிக்கவில்லை. நல்ல மனிதர் என்று நான்தான் ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர் கேட்டோம், தெரியாது என்றார். புரோக்கரின் நம்பர் கேட்டோம். "அவா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிண்டு வந்தா. அவன் நன்னா பாத்துட்டு ஒரிஜினல்னு சொல்லிட்டான். முடிஞ்சுபோன விஷயம்பா, என்னை இதுல இழுக்காதே" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். தருணும் போனை எடுக்கமாட்டான். கோலார் பக்கம் என்றால் எத்தனை ஊர், எத்தனை சாம்பல் நிறக் கார்.

இராஜமாணிக்கம் அண்ணா எழுந்திருக்கவில்லை. மடியில் அந்தப் புது மூடியை வைத்துக்கொண்டு பாகீரதி அம்மாளையே பார்த்தார்.

"முன்சீட்ல யாரும்மா உக்காந்தாங்க?" என்றார்.

"அந்தப் பொண்ணுதான். ஏழு மாசம். பின்னாடி உக்காந்தா தலை சுத்தறதாம்" என்றார் பாகீரதி அம்மாள். "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, முதல் தடவையா நம்மாத்து வாசலுக்கு வந்திருக்கா. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. அவ ஏறி உக்காந்தப்பறம், ஜன்னல் வழியா நான்தான் மஞ்சள் குங்குமம் குடுத்து அனுப்பிச்சேன்."